ஆமை, புழுப்பாம்பு, இறால்: எது எந்த வகை? வாசகர் கேள்வி பதில்

விலங்குகளை வகைப்படுத்துவது பற்றி மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

ஆமை தண்ணீரிலும் இருக்கிறது, தரைக்கும் வருகிறது. தவளையும் அப்படித்தான். தவளை இருவாழ்வி என்றால் ஆமை மட்டும் எப்படி ஊர்வனவற்றில் சேர்ந்தது? தேர்வில் இருவாழ்வி என்று எழுதி மதிப்பெண் போய்விட்டது.
— ஏழாம் வகுப்பு மாணவி, நாகப்பட்டினம்

விடை உங்கள் ஊர்க் கடற்கரையிலேயே இருக்கிறது. ஜனவரி பிறந்தால் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி வரும். பின்னங்கால்களால் மணலில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி பறித்து, சுமார் நூறு முட்டைகளை இட்டு, மணலை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். கடலிலேயே வாழும் ஆமை முட்டையிட மட்டும் ஏன் இவ்வளவு சிரமப்பட்டுக் கரைக்கு வருகிறது? அந்த முட்டைக்குள் இருக்கும் கரு, ஓட்டில் உள்ள நுண்துளைகள் வழியாகக் காற்றை வாங்குகிறது. முட்டை கடல்நீரில் மூழ்கிக் கிடந்தால் கரு மூச்சுத் திணறிச் செத்துவிடும். 45 முதல் 60 நாட்களில் வெளிவரும் குஞ்சு, முதல் நாளிலேயே நுரையீரலால் மூச்சு விடுகிறது. உருவத்திலும் அது சின்ன ஆமைதான்.

தவளையின் முட்டைக்கு ஓடு கிடையாது. கொழகொழப்பான உறை மட்டும்தான். வெயில் பட்டால் காய்ந்துவிடும் என்பதால் தண்ணீரில் இடுகிறது. அதிலிருந்து வரும் தலைப்பிரட்டைக்குச் செவுளும் வாலும் உண்டு. பிறகுதான் கால் முளைத்து, வால் சுருங்கி, நுரையீரல் வந்து தவளையாகிறது. இருவாழ்வியின் தோல் ஈரமாக, செதில் இல்லாமல் இருக்கும். அந்தத் தோல் வழியாகவும் அது மூச்சு விடும். ஆமையின் கால்களைப் பாருங்கள். உலர்ந்த செதில் போர்த்தியிருக்கும், நகமும் இருக்கும்.

விலங்கு எங்கே திரிகிறது என்பதை வைத்து வகை பிரித்தால் நண்டையும் நீர்நாயையும்கூடத் தவளையோடு சேர்க்க வேண்டிவரும். தோல், முட்டை, மூச்சு விடும் உறுப்பு, எலும்பு ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் சில புதர்த் தவளைகள் இலையில் முட்டையிடுகின்றன. அவற்றில் தலைப்பிரட்டைப் பருவம் முட்டைக்குள்ளேயே முடிந்து, குட்டித் தவளையாகவே வெளியே வருகின்றன. குளத்துக்கே போகாத அவையும் இருவாழ்விகள்தான். முட்டைக்கு ஓடு இல்லை, தோல் ஈரம்.

இதயத்தைப் பற்றியும் கேட்பார்கள். ஆமை, பல்லி, பாம்பு ஆகியவற்றுக்கு மூன்று அறைகள். ஊர்வனவற்றில் முதலைக்கு மட்டும் நான்கு அறைகள்.

மழைக்காலத்தில் குளியலறைச் சல்லடை வழியாகக் கறுப்பாக, மெலிதாக ஒன்று வருகிறது. மண்புழு என்கிறார் என் மாமியார். பாம்புக்குட்டி என்கிறான் மகன். உப்பைப் போட்டுக் கொல்லலாமா?
— ஓர் இல்லத்தரசி, நாகர்கோவில்

உப்பு வேண்டாம். உங்கள் விவரிப்பைப் பார்த்தால் அது புழுப்பாம்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். குருட்டுப்பாம்பு என்றும் சொல்வார்கள். முழுதாக வளர்ந்தாலும் 15 சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. விஷம் இல்லை. எறும்பு, கரையான் ஆகியவற்றின் முட்டைகளையும் இளம்புழுக்களையும் தின்று மண்ணுக்குள் வாழ்கிறது. மழையில் மண் ஊறி வளை நிரம்பும்போது ஈரச் சுவரோரம், சாக்கடைக் குழாய் என்று ஏறி வருகிறது.

கையால் தொடாமல், ஓர் அட்டையால் தள்ளி, உயரமான விளிம்புள்ள வெள்ளைத் தட்டில் விட்டு, டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். முதலில் நகரும் விதம். மண்புழு நீண்டு, பிறகு சுருங்கி, அந்தச் சுருக்கம் உடல் நெடுக ஓடுவதால் முன்னேறும். புழுப்பாம்பு இடமும் வலமுமாக நெளிந்து வேகமாக ஓடும். அடுத்து உடல். மண்புழுவுக்கு வளையம் வளையமாக வரிகள் இருக்கும். வளர்ந்த புழுவில் முன்பக்கம் நிறம் மாறிய தடித்த பட்டை ஒன்று தெரியும். ஒவ்வொரு வளையத்தையும் ஒரு கண்டம் என்பார்கள். நம் ஊர் மண்புழுவில் அது 14-ஆம் கண்டத்தில் தொடங்கி 17 வரை இருக்கும். புழுப்பாம்பில் அந்தப் பட்டை கிடையாது. வழவழப்பான சிறு செதில்கள் வெளிச்சத்தில் பளபளக்கும். லென்ஸ் இருந்தால் தலைச் செதிலுக்கு அடியில் இரண்டு கறுப்புப் புள்ளிகளைப் பார்க்கலாம். அவைதான் கண்கள். கொஞ்ச நேரம் காத்திருந்தால் நாக்கை நீட்டும். நாக்கு நீட்டும் மண்புழு கிடையாது. வால் மொட்டையாக இருக்கும், நுனியில் சிறு முள் இருக்கும். அது குத்தி விஷம் ஏற்றும் கொடுக்கு அல்ல, மண்ணில் ஊன்றி நகர உதவுவது.

இந்தப் பாம்பில் இதுவரை அறிந்தவை எல்லாமே பெண். ஆண் இல்லாமலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. பூந்தொட்டி மண்ணோடு ஒரே ஒரு பாம்பு போய்ச் சேர்ந்தாலும் அங்கே இனம் பெருகிவிடும். இப்படித்தான் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது.

உங்கள் மாவட்டத்தில் மூன்றாவதாக ஒன்றுக்கும் வாய்ப்பு உண்டு. மலையடிவாரத் தோப்புகளில், இலை மக்கிய ஈர மண்ணைக் கொத்தும்போது காலில்லாத இருவாழ்வி ஒன்று வெளிப்படும். மண்புழுவைப் போல வளையங்கள் இருக்கும், ஆனால் தடிமன் அதிகம். ஒரு சாணுக்கும் மேல் நீளமாக இருக்கலாம். தோல் வழுக்கும். வாயைத் திறந்தால் தாடையும் பல்லும் தெரியும். சிலவற்றில் பக்கவாட்டில் மஞ்சள் பட்டை ஓடும். தவளையின் உறவான இதைப் பாம்பென்று நினைத்து அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். பார்த்தால் அப்படியே மண்ணைப் போட்டு மூடிவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. வந்தது 15 சென்டிமீட்டருக்கு மேல் நீளமாக இருந்தாலோ, தலை தனியாகத் தெரிந்தாலோ, உடலில் வெள்ளை வளையங்கள் இருந்தாலோ அருகே போகாதீர்கள். கட்டுவிரியன் குட்டியும் மெலிதாகத்தான் இருக்கும். வனத்துறைக்கோ பாம்பு பிடிப்பவருக்கோ சொல்லுங்கள். புழுப்பாம்பு என்று உறுதியானால் குப்பை அள்ளும் முறத்தில் ஏற்றி, நிழலான ஈர மண்ணில் விட்டுவிடலாம். வெயிலில் காய்ந்த சிமென்ட் தரையில் விட்டால் சீக்கிரம் செத்துவிடும். குளியலறைச் சல்லடைக்கு அடியில் மெல்லிய கம்பிவலை வைத்தால் மறுபடி வராது.

பூச்சிக்கு ஆறு கால் என்று படித்தேன். எலுமிச்சைச் செடியில் இருந்த புழுவுக்கு எண்ணிப் பார்த்தேன், 16 இருந்தது. எது சரி?
— ஐந்தாம் வகுப்பு மாணவர், தென்காசி

நீங்கள் எண்ணியதும் சரி, புத்தகத்தில் இருப்பதும் சரி. மறுபடி அந்தச் செடிக்குப் போய், புழுவின் தலைக்கு அடுத்தபடியாக உள்ள மூன்று ஜோடிக் கால்களை மட்டும் பாருங்கள். சிறியதாக, கூர்மையாக, மடக்குமிடம் தெரியும்படி இருக்கும். அவைதான் உண்மையான கால்கள். பிறகு கொஞ்ச தூரம் கால் இல்லாமல் இருக்கும். அதற்குப் பின்னால் வயிற்றில் நான்கு ஜோடி, கடைசியில் ஒரு ஜோடி. இவை சதைப்பற்றான பொய்க்கால்கள். கணு இல்லை. அடிப்பக்கத்தில் நுண்ணிய கொக்கிகள் இருப்பதால்தான் புழுவைக் காம்பிலிருந்து எடுக்க முயன்றால் விடாமல் பிடித்துக்கொள்கிறது. 6, 8, 2: மொத்தம் 16. கூட்டுப்புழுவாகும்போது பொய்க்கால்கள் மறைந்துவிடும். வண்ணத்துப்பூச்சியாக வெளிவரும்போது ஆறு கால்தான்.

உடலை வில்லாக வளைத்து வளைத்துப் போகும் புழுவைக் கண்டால் அதையும் எண்ணுங்கள். அதற்குப் பொய்க்கால் இரண்டே ஜோடி. நடுவில் பிடிமானம் இல்லாததால்தான் அப்படி வளைந்து நகர வேண்டியிருக்கிறது.

சிலந்தி பூச்சி இல்லை என்பதற்குக் கால் எண்ணிக்கை மட்டும்தான் காரணமா?
— ஆறாம் வகுப்பு மாணவி, கும்பகோணம்

கால் ஓர் அடையாளம் மட்டுமே. அதை மட்டும் நம்பினால் தவறு நேரும். நாயின் மேல் ஒட்டும் உண்ணி சிலந்திக்கு உறவு. ஆனால் முட்டையிலிருந்து வந்தவுடன் அதற்கு ஆறு கால்தான் இருக்கும். ஒருமுறை தோலுரித்த பிறகே எட்டாகும். சிலந்தியிலும் வாயருகே கால் போலத் தோன்றும் ஒரு ஜோடி உறுப்பு உண்டு. அதையும் சேர்த்துப் பத்து என்று எண்ணுபவர்கள் இருக்கிறார்கள்.

உறுதியான அடையாளம் தலையில் இருக்கிறது. பூச்சிக்கு ஒரு ஜோடி உணர்கொம்பு உண்டு, சிலந்திக்கு அறவே கிடையாது. பூச்சியின் உடல் தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதி. சிலந்திக்குத் தலையும் மார்பும் ஒன்றாகிவிட்டதால் இரண்டு பகுதி. தேளும் சிலந்தி வகுப்புதான். பூச்சி, சிலந்தி, நண்டு, பூரான் எல்லாம் கணுக்காலிகள் என்ற பெரிய தொகுதிக்குள் அடங்கும். மரவட்டையும் அங்கேதான். ஒவ்வொரு கண்டத்திலும் ஒரு ஜோடிக் கால் இருந்தால் பூரான், பெரும்பாலான கண்டங்களில் இரண்டு ஜோடி இருந்தால் மரவட்டை.

கண்ணாடி விரியன் குட்டி போடும் என்கிறார்கள். அப்படியானால் அது பாலூட்டியா?
— எட்டாம் வகுப்பு மாணவர், தருமபுரி

இல்லை. விரியனின் முட்டைகள் தாயின் உடலுக்குள்ளேயே பொரிந்து குட்டிகளாக வெளிவருகின்றன. பால் கொடுப்பதில்லை. கொசுப்புழு தின்ன வளர்க்கும் கப்பி மீனும் குட்டி போடும், தேளும் போடும். மறுபக்கம், ஆஸ்திரேலியாவின் பிளாட்டிபஸ் முட்டையிடுகிறது. ஆனால் உடல் முழுக்க உரோமம், குஞ்சுகளுக்குப் பாலும் சுரக்கிறது. காம்பு இல்லாததால் பால் தோலில் கசிய, குஞ்சுகள் நக்கிக் குடிக்கின்றன. 1799-இல் ஆங்கிலேய விலங்கியலாளர் ஜார்ஜ் ஷா இதை முதன்முதலில் விவரித்து எழுதியபோது, வாத்தின் அலகை யாரோ ஒட்டவைத்துவிட்டார்களோ என்ற சந்தேகம் அவருக்கே இருந்தது. இன்று முட்டையிடும் பாலூட்டிகள் ஐந்து சிற்றினங்களே உள்ளன: பிளாட்டிபஸ் ஒன்று, முள் போர்த்திய எக்கிட்னா நான்கு.

பாலூட்டிக்கு அடையாளம் பால்சுரப்பியும் உரோமமும். வௌவாலுக்கு இரண்டும் உண்டு. அதன் சிறகு, நீண்ட விரல் எலும்புகளுக்கு இடையே விரிந்த தோல். அதில் இறகு ஒன்றுகூட இருக்காது.

கடல்பசு மீனா, பாலூட்டியா?
— ஆறாம் வகுப்பு மாணவி, பேராவூரணி

பாலூட்டி. உங்கள் பக்கத்து மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். மீனின் வால் செங்குத்தாக நின்று இடவலமாக அசையும். கடல்பசு, ஓங்கில் (டால்பின்), திமிங்கிலம் ஆகியவற்றின் வால் கிடையாக இருந்து மேலும் கீழும் அசையும். தூரத்திலிருந்தே இதை வைத்துச் சொல்லிவிடலாம். கடல்பசு சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். வலையில் சிக்கினால் மேலே வர முடியாமல் இறந்துபோவது இதனால்தான். கடற்புல் தின்னும் இதன் நெருங்கிய உறவு திமிங்கிலம் அல்ல, யானை. இரண்டிலும் பால்காம்புகள் முன்காலுக்கு அருகே இருப்பதைப் பாருங்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-இல் தமிழக அரசு கடல்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது.

இறாலை மீன் என்றுதான் கடையில் சொல்கிறார்கள். வீட்டிலேயே வைத்து ஆராய ஏதாவது வழி உண்டா?
— ஒன்பதாம் வகுப்பு மாணவர், தூத்துக்குடி

உண்டு. சமையலுக்கு வாங்கியதில் தலையோடு கூடிய பெரிய இறால் ஒன்றை எடுத்துவையுங்கள். இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இதைச் செய்ய வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள், கால்கள் கழன்றுவிடும்.

வெள்ளைத் தட்டில் சிறிது தண்ணீர் ஊற்றி, அதில் இறாலைக் கிடத்துங்கள். தண்ணீரில் கால்கள் விரிந்து நிற்பதால் எண்ண வசதி. தலையின் முன்னால் ரம்பப் பல்லோடு நீட்டிக்கொண்டிருக்கும் முள் கையைக் குத்தும், கவனம். அதன் இருபுறமும் காம்பின் மேல் கண்கள். அடுத்து உணர்கொம்புகள்: குட்டையாக ஒரு ஜோடி, உடலைவிட நீளமாக ஒரு ஜோடி. இரண்டு ஜோடி இருப்பதுதான் இறால், நண்டு வகுப்பின் முத்திரை. கரப்பான்பூச்சிக்கு ஒரே ஜோடிதான்.

மல்லாத்தி, நடைக்கால்களை எண்ணுங்கள். ஐந்து ஜோடி. கடலிலும் பண்ணையிலும் கிடைக்கும் வெள்ளை இறாலாக இருந்தால் முதல் மூன்று ஜோடியின் நுனியில் சிறு இடுக்கி இருக்கும். லென்ஸ் வேண்டும். அதற்குப் பின்னால் வயிற்றுப் பகுதியில் துடுப்பு போன்ற நீச்சல்கால்கள் ஐந்து ஜோடி. கடைசியில் விசிறி போன்ற வால். வயிற்றுக் கண்டங்கள் ஆறு.

இனி தலையை மூடிய ஓட்டின் பக்கவாட்டைக் கத்தரியால் மெல்ல வெட்டித் தூக்குங்கள். உள்ளே இறகு போல அடுக்கடுக்காகத் தெரிவது செவுள். பிறகு வயிற்றுப் பகுதி ஓட்டை உரியுங்கள். முதுகுப்பக்கம் ஓடும் கறுப்புக் கோடு, சமைக்கும்முன் அம்மா உருவி எறிவது, அதன் குடல். நரம்பு என்று பலர் சொல்வது தவறு. உண்மையான நரம்பு வடம் எதிர்ப்பக்கத்தில், வயிற்றின் அடியில், மெல்லிய வெண்ணிற நூலாகப் போகிறது. அவசரமாக உரித்தால் ஓட்டோடு பிய்ந்துவிடும். அதனால் அடிப்பக்க ஓட்டைக் கடைசியாக எடுங்கள். மீனிலும் நம்மிலும் முதன்மை நரம்பு முதுகெலும்புக்குள் போகிறது. இறாலில் முதுகெலும்பே கிடையாது. அதன் எலும்புக்கூடு வெளியில் இருக்கும் ஓடுதான். ஓடு வளராது என்பதால் அவ்வப்போது அதைக் கழற்றிவிட்டுப் புதிது போர்த்திக்கொள்ளும். சில நேரம் வாங்கும் இறால், நண்டு மெத்தென்று இருப்பது அப்போதுதான் ஓடு கழற்றியதால்.

அதே கடையில் கணவாயும் கிடைக்கும். அது மெல்லுடலி, நத்தைக்கு உறவு. விலாங்கு பாம்பு போல இருந்தாலும் மீன். செவுளும் துடுப்பும் உண்டு. கடல்பாம்புக்கு இரண்டும் கிடையாது. வால் மட்டும் துடுப்பு போலத் தட்டையாக இருக்கும். கொடிய விஷம், வலையில் செத்துக் கிடந்தாலும் தொடாதீர்கள்.

புலியின் அறிவியல் பெயரைப் பிழையில்லாமல் எழுதியும் அரை மதிப்பெண் குறைந்தது. ஏன்?
— பத்தாம் வகுப்பு மாணவி, சேலம்

எழுதும் முறையில் தவறியிருக்கலாம். பாந்தெரா டைகிரிஸ் என்பதில் முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம். ரோமன் எழுத்தில் எழுதும்போது முதல் சொல்லின் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. கையால் எழுதினால் இரண்டு சொற்களுக்கும் தனித்தனியாக அடிக்கோடு போட வேண்டும், ஒரே கோடாக இழுக்கக்கூடாது. விலங்குகளுக்கு இந்த இருசொல் பெயர் முறையின் தொடக்கமாக, ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட பதிப்பைக் கொள்கிறார்கள். சிங்கம் பாந்தெரா லியோ. முதல் சொல் ஒன்றே என்பதால் இரண்டும் ஒரே பேரினம் என்று பெயரிலேயே தெரிந்துவிடுகிறது.

மனப்பாடம் இல்லாமல் வகைப்பாட்டைக் கற்றுத்தர ஒரு வகுப்புச் செயல்பாடு சொல்லுங்கள். 40 நிமிடத்தில் முடிய வேண்டும்.
— ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை, விழுப்புரம்

மாணவர்களே கேள்விகளால் பிரிக்கும் ஒரு தாளைத் தயாரிக்கச் சொல்லுங்கள். நால்வர் கொண்ட குழுவுக்கு எட்டுப் பட அட்டைகள்: மண்புழு, நண்டு, கரப்பான்பூச்சி, கெண்டை, தவளை, ஓணான், காகம், அணில். ஒவ்வொரு கேள்வியும் அட்டைகளை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு விலங்கு தனியாக நிற்கும் வரை தொடர வேண்டும். நீங்கள் கையில் வைத்துக்கொள்ள ஒரு மாதிரி:

1. முதுகெலும்பு இல்லை என்றால் 2-க்குப் போ; உண்டு என்றால் 4-க்குப் போ.
2. கணுவுள்ள கால் இல்லை: மண்புழு. உண்டு: 3-க்குப் போ.
3. உணர்கொம்பு ஒரு ஜோடி: கரப்பான்பூச்சி. இரண்டு ஜோடி: நண்டு.
4. இறகு உண்டு: காகம். இல்லை: 5-க்குப் போ.
5. உரோமம் உண்டு: அணில். இல்லை: 6-க்குப் போ.
6. துடுப்பும் செவுள் மூடியும் உண்டு: கெண்டை. இல்லை: 7-க்குப் போ.
7. உலர்ந்த செதில், விரலில் நகம்: ஓணான். ஈரத்தோல், நகம் இல்லை: தவளை.

எட்டு விலங்குக்கு ஏழு கேள்வி. எந்த வரிசையில் பிரித்தாலும், இரண்டிரண்டாகப் பிரிக்கும்வரை, விலங்கின் எண்ணிக்கையைவிட ஒன்று குறைவாகத்தான் கேள்வி வரும். குழுக்களின் தாளைச் சரிபார்க்க இது உங்களுக்கு உதவும்.

படத்தில் முதுகெலும்பு தெரியாது. நண்டின் குட்டையான உணர்கொம்புகளும் படத்தில் தெரியாமல் போகலாம். இவற்றை அட்டையின் பின்புறம் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் பாதி நேரம் அந்த விவாதத்திலேயே போய்விடும். "பெரியதா?", "பறக்குமா?", "தண்ணீரில் வாழுமா?" என்ற கேள்விகள் நிச்சயம் வரும். உடனே தடுக்க வேண்டாம். "தண்ணீரில் வாழுமா?" என்று பிரித்த குழுவில் கெண்டையும் நண்டும் ஒரே பக்கம் போய்ச் சேரும். அந்தக் குழுவிடம் ஒன்பதாவதாகக் கடலாமை அட்டையைக் கொடுத்து, அதே தாளில் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கெண்டையோடு போய் நிற்கும்போது தாளை அவர்களே திருத்தத் தொடங்குவார்கள்.

அடிக்கடி நேரும் இன்னொரு தவறு, ஒரே கேள்வியின் இரு பாதியும் வெவ்வேறு உறுப்பைப் பற்றி இருப்பது: "இறகு உண்டு" என்பதற்கு எதிரே "நான்கு கால் உண்டு" என்று எழுதுவார்கள். அப்போது கெண்டை எந்தப் பக்கமும் போக முடியாமல் நின்றுவிடும். முதல் 20 நிமிடம் தயாரிப்புக்கு. அடுத்த 10 நிமிடத்தில் குழுக்கள் தாள்களை மாற்றிக்கொண்டு, தாங்கள் எழுதாத தாளை வைத்து வேறொரு விலங்கை, பல்லியையோ எலியையோ, கண்டுபிடிக்கட்டும். எந்தக் கேள்வியில் தடுமாறினார்கள் என்று அந்த வரியிலேயே பென்சிலால் குறித்துத் திருப்பித் தரச் சொல்லுங்கள். மீதி 10 நிமிடம் திருத்தத்துக்கு.